கேபினில் யாரிடம் பேசுகிறீர்கள்?

அப்பாவுக்கு,

காலையில் கண்ணாடியை எடுக்கும்போது கைக்குக் கிடைக்கட்டும் என்று இதை அதன் கூட்டுக்குள் வைக்கிறேன். போனில் அனுப்பியிருப்பேன். அது ஆபீஸ் போன். என்ன தட்டினாலும் இன்னொருவன் படிப்பான்.

லாரியில் கேமரா மாட்டிய அன்று, "எவனோ உக்காந்து என் மூஞ்சியப் பாக்கறதுக்கு நான் என்ன பொம்மையா?" என்று கேட்டீர்கள். "தப்புப் பண்ணாதவருக்கு என்னப்பா பயம்?" என்றேன். அதோடு நமக்குள் பேச்சு நின்றது.

அந்த எவனோ நான்தான். கேமரா சந்தேகப்பட்டு அனுப்பும் வீடியோவைப் பார்த்து, தவறா இல்லையா என்று அழுத்துவது என் வேலை. உங்கள் கம்பெனி எங்களிடம் வருமென்று சத்தியமாகத் தெரியாது. பெயர் வராது, முகம் மட்டும்தான் வரும். நேற்று வந்த முகத்தில், நான் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்த கண்ணாடி.

ஓட்டுநர் போனில் பேசுகிறார் என்கிறது மெஷின். உங்கள் கையிலும் காதிலும் ஒன்றுமில்லை. சத்தம் பதிவாகாது. உதடு "டேய்" என்று ஆரம்பிக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி "டேய்" என்கிறீர்கள். அண்ணனிடமா, என்னிடமா?

தவறு என்று அழுத்தினால் உங்களை வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். இல்லை என்று அழுத்தினால் பொய்யோ என்று இருக்கிறது. கவனம் ரோட்டில் இல்லையே. யாரிடம் பேசினாலும் விதி ஒன்றுதான். ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் எதையும் அழுத்தவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது ஆபீஸுக்கும் கிளம்பியிருக்க மாட்டேன், சமையலறையில்தான் இருப்பேன். வந்து அந்த "டேய்"யை முடியுங்கள்.

இப்படிக்கு,
அந்த எவனோ