ஐந்தாவது ரீல் யாரிடமும் இல்லை

முதலமடை,
ஆனி 20.

அன்பு மகள் கௌசிகாவுக்கு அப்பா மாரப்பன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மாடு இரண்டும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நியூசிலாந்தில் இப்போது குளிர்காலம் என்று மாப்பிள்ளை சொன்னார், நீயும் அவரும் பேத்தியும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாசாணியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த குருசாமி வாத்தியார்தான் எழுதுகிறார், நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவருக்குச் சங்கடமாக இருக்கிற இடத்திலும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அப்பா என்று ஆரம்பித்ததும் என் வாய் மாடு, மழை, முழங்கால் வலி என்று எங்கெங்கோ போய்விடுகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன், முடியவில்லை. முழங்காலுக்கு நீ அனுப்பச் சொன்ன களிம்பு வந்தது, தடவுகிறேன், மழை இந்த வருடம் சீக்கிரம் பிடித்துக்கொண்டது, தீவனத்துக்குக் கவலை இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஏற்பாடு செய்த மெட்ராஸ் பெண் கிருத்திகா போன வாரம் இரண்டாம் தடவை வந்தாள். தை மாதம் வந்து நம் வீட்டில் இருந்த ஆறு பிலிம் டப்பாவையும் துணியில் சுற்றி எடுத்துப் போனவள், பிலிமைத் துடைத்து, அறுந்த இடங்களை ஒட்டி, ஒவ்வொரு படமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். பழைய பேய்ப் படங்களைப் புதுசாக்கி வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காக விற்கிற அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு இதை முடித்துக் கொடுக்க வேண்டுமாம். டப்பாவைத் திறந்தபோது புளித்த காடி நாற்றம் அடித்தது என்றும் இன்னும் ஐந்து வருடம் விட்டிருந்தால் கூழாகப் போயிருக்கும் என்றும் சொன்னாள். கட்டில் மேல் கம்ப்யூட்டரை வைத்து எனக்குப் போட்டுக் காட்டினாள். நம் டூரிங் கொட்டகையில் கடைசியாக இந்தக் ‘கருநீர்ப் பூதம்’ ஓட்டியபோது பிலிம் தேய்ந்து திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும், பூதம் எது மழை எது என்று ஜனங்களுக்குத் தெரியாது. இப்போது கருப்பு வெள்ளையில் சுள்ளியாறு அணைத் தண்ணீர் பளிங்கு மாதிரி கிடக்கிறது. அந்தத் தெளிவில் பூதத்தின் தோல் கோணிச் சாக்கும் லாரி டியூபும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். முதுகில் தைத்த சணல் தெரிகிறது, கரையேறி வருகிற இடத்தில் காலில் ரப்பர் செருப்பு தெரிகிறது. “தாத்தா, இந்தச் செருப்பு ஒரு நாள் வேலைதான், அழிச்சிடட்டுமா?” என்று கேட்டாள். “அந்தப் பாறையில நடந்து வேசக்காரனுக்குக் காலு பொத்துப் போச்சும்மிணி, அதுக்குத்தான் போட்டுக்கிட்டான், இருந்துட்டுப் போகட்டும்” என்றேன். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்களாம், எதையும் மறைக்காமல் இருக்கிறபடி கொடு என்று.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூபதிராஜா வந்து வண்டியை நிறுத்தினான். நான் ஆபரேட்டராக இருந்த அந்தக் கொட்டகையின் முதலாளி செங்கோட்டையனின் மகன் அவன், இப்போது மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். கையில் நீ பாலக்காட்டு வக்கீலை வைத்து அனுப்பிய நோட்டீஸ். அவன் அப்பா ஐந்தாவது ரீலை ஒளித்து வைத்துக்கொண்டார், பதினைந்து நாளில் ஒப்படைக்காவிட்டால் கேஸ் என்று அதில் இருக்கிறதாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஏனுங்க மாரப்பண்ணா, கொட்டாயி மூடுனப்ப ஏழு பொட்டியையும் எண்ணி உங்க ஊட்டு வண்டில ஏத்துனது நாந்தானுங்க. அதுல ஒண்ண மட்டும் எடுத்து வெச்சு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?” என்றான். கிருத்திகா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. “எங்கப்பாரு செத்துப் பதினெட்டு வருசமாச்சுங்க. அவரத் திருடன்னு எழுதியிருக்குது. எங்கம்மா அதுல என்னடா போட்டிருக்குது, படிச்சுக் காட்டுன்னு கேக்குது. நான் என்னன்னுங்க படிச்சுக் காட்டுவேன்?” என்றான்.

கண்ணு, அந்த ரீல் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது என்று உனக்குச் சொன்னவன் நான். பத்து வயதில் அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டு நீ சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாய். அம்மா ஒரு சினிமாவில் இருக்கிறாள், முதலாளி வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது, ஒரு நாள் வாங்கித் தருகிறேன் என்றேன். உன்னைச் சாப்பிட வைக்கச் சொன்ன பொய். போன வருடம் நீ கம்பெனிக்கு எழுதிப்போட்டுவிட்டு மறுபடி கேட்டபோது, நாற்பது வயதுக்காரியான உன்னிடம் அதே பொய்யை இன்னும் அழுத்திச் சொன்னேன். அந்தப் பொய்தான் வக்கீல் கையெழுத்தோடு பூபதி வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னதை இப்போது உனக்கும் சொல்கிறேன். அந்த ரீலை வெட்டினது நான்.

எழுபத்தொன்பதில் அந்தப் படக்காரர்கள் அணைக்கரையில் பத்து நாள் முகாம் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். பூதம் ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் இழுக்கிற காட்சிக்கு அவர்கள் கூட்டி வந்த பெண் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கமாட்டேன் என்று அழுதுவிட்டாள். உன் அம்மா பொன்னாத்தாள் வேடிக்கை பார்க்கப் போனவள், எனக்கு நீச்சல் தெரியும் என்று குடத்தோடு இறங்கிவிட்டாள், என்னைக் கேட்கக்கூட இல்லை. ஐந்தாவது ரீலில் அவள் வருகிறாள், பூதம் பிடிக்கிறது, கடைசியில் பிணமாக மிதக்கிறாள். முதலாளி ஒரு பிரிண்டை வாங்கி நாலு வருடம் ஊர் ஊராக ஓட்டினார், கொட்டகை மூடினதும் யாருக்கும் வேண்டாத பெட்டி, என் வீட்டுக்கு வந்தது. எண்பத்து நாலு மாசியில் உன்னைச் சுமந்து அவளுக்கு ஏழு மாதம், வளைகாப்புக் கட்டுச்சோறும் போட்டாயிற்று. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் பிணம் தூக்கமாட்டான், பாம்பு அடிக்கமாட்டான், முடிகூட வெட்டிக்கொள்ளமாட்டான், நானும் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் என் கட்டிலுக்கு அடியில் அவளே செத்து மிதக்கிற படம் சுருட்டிக் கிடக்கிறதே என்று எனக்குள் ஒரு பயம் புகுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானேதான் நினைத்துக்கொண்டேன். அந்த வருடம் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் கிளி உட்கார்ந்து பிஞ்சையெல்லாம் கொத்திப் போட்டது. பிலிமைக் கை நீளத்துக்கு வெட்டிக் கிளையில் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் படபடக்கும், கிளி அண்டாது. வீட்டை விட்டும் போகும், தோப்புக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அரிவாள்மணையில் வைத்து வெட்டிக் கொடுத்தது உன் அம்மாதான். ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எம் மூக்கு இப்படியுங்களா இருக்குது, கட்டிக்கறதுக்கு முன்னாடி நீங்க பாக்கவே இல்லையா?” என்றாள். கிளையில் கட்டும்போது, “என்னையக் கொண்டாந்து மரத்துல தொங்க உடறீங்களே, கிளி என்னையப் பாத்து பயந்துக்குமா, இல்ல சோடி சேத்துக்குமா?” என்று கீழே நின்றுகொண்டு கேட்டாள். அவள் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் கண்ணு, அப்போது அவளுடைய படம் எனக்கு எதற்கு.

உனக்கு ஒன்றரை வயதில் மஞ்சள்காமாலை வந்து பதினொரு நாளில் போய்விட்டாள். தண்ணீருக்கும் அவள் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்யாணப் போட்டோவில் தலையைக் குனிந்திருக்கிறாள், உச்சி வகிடுதான் தெரிகிறது. அவள் போன பிறகு நான் தோப்புக்கு ஓடினேன், இரண்டு மழைக்காலம் போயிருந்தது, குத்தகை வேறு ஆளுக்கு மாறியிருந்தது, பழைய பிலிமையெல்லாம் அறுத்து எரித்துவிட்டு கேசட் நாடா கட்டியிருந்தார்கள். வயிற்றில் இருந்த உனக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பயந்தவன் நான், நீ இல்லை.

அன்றைக்கு அவர்களிடம் இதைச் சொல்லி முடித்தேன். பூபதி திட்டுவான் என்று இருந்தேன். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வாங்க, அந்தத் தோப்பை ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தரலாம்” என்றான். மூன்று பேரும் போனோம். எல்லாம் புது ஒட்டுக் கன்று, பழைய மரம் நாலுதான் மிச்சம். ஐம்பத்தேழு வயதில் அந்தத் தொப்பையோடு பூபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான், கிருத்திகா கீழே நின்று விழுந்துடாதீங்க சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மரத்தில் ஒரு கவட்டையில் முடிச்சை மரப்பட்டை விழுங்கியிருந்தது, விரல் நீளத்துக்குப் பிலிம் துருத்திக்கொண்டிருந்தது. கிருத்திகாவும் ஏறிப்போய் பிளேடால் பட்டையைச் சீவி, பல் பிடுங்குகிற மாதிரி மெதுவாக எடுத்தாள். சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்து ஓட்டைகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. “படமெல்லாம் பிலிம் மேல பூசியிருக்கிற பசையிலதான் தாத்தா இருக்கும், மழையில கரைஞ்சு போச்சு” என்றாள். அடித்ததே ஐந்து பிரிண்ட், மற்ற நாலையும் பிலிமில் இருக்கிற வெள்ளியை எடுக்க உருக்கிவிட்டார்கள், நெகட்டிவ் மெட்ராஸ் கிடங்கில் தண்ணீர் புகுந்து அழுகிவிட்டது, இதையெல்லாம் அவள் விசாரித்து முடித்துவிட்டாள். ஒரு பிரிண்ட் அங்கேயும் போயிருக்கும் என்று நீ கொழும்புக்கு எழுதிக் கேட்பதாக அவளிடம் சொன்னாயாம். எழுத வேண்டாம். அங்கே இந்தப் படம் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிருத்திகா பதிவு செய்ய என்று போனை முன்னால் வைத்து, அந்த ரீலில் என்ன இருந்தது என்று முழுக்கச் சொல்லச் சொன்னாள். ஐந்தாவது பாகம் வருகிற இடத்தில் திரையைக் கருப்பாக விட்டு, நான் சொல்வதை எழுத்தாக ஓட விடுவார்களாம். குடம் பித்தளை, சேலை கண்டாங்கி, பின்னால் கரையில் ஒரு வெள்ளை மாடு நின்றது, எல்லாம் சொன்னேன். பூதம் இழுக்கும்போது உன் அம்மா எந்தக் கையைத் தூக்குவாள் என்று கேட்டாள். இடது என்றேன். கண்ணு, எனக்குத் தெரியாது. இருநூறு ஆட்டத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், மற்ற ஆறு ரீலிலும் எவன் எந்தக் காலை முன்னால் வைத்தான் என்று சொல்லுவேன். அவள் தண்ணீரில் இறங்கினதும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி முடிந்த நாலாவது ரீலைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்துவிடுவேன், பூதமோ சாக்கோ, என் பெண்டாட்டியைப் பிடிப்பதைப் பார்க்க எனக்கு ஆகாது. அலறல் கேட்டால் முடிந்தது என்று திரும்புவேன். அந்த அலறலும் உன் அம்மாவுடையது இல்லை, மெட்ராசில் யாரோ ஒருத்தி கொடுத்த குரல். குரலையாவது கேட்கலாம் என்று நீ இத்தனை நாள் நினைத்திருந்தால் அதுவும் அதில் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரீல் கிடைக்கும்வரை டிஸ்க்கை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறாய் என்றாள் கிருத்திகா, நிறுத்த வேண்டாம், சரி என்று எழுதிக் கொடுத்துவிடு, மிச்சப் படமாவது காடி நாற்றத்திலிருந்து தப்பட்டும். என்னோடு பேச உனக்கு மனது வராது, வராவிட்டால் பரவாயில்லை, மாப்பிள்ளையை விட்டு மாடு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல், எனக்கு அது போதும். கார்த்திகைக்குள் டிஸ்க் வந்துவிடுமாம், பூபதி தன் வீட்டு டிவியில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். ஐந்தாவது பாகம் வரும்போது படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைப் படித்துக்கொள்வார்கள். எனக்கு அது வெறும் வெள்ளைப் பூச்சியாகத்தான் ஓடும். ஓடி முடிகிறவரை இந்தத் தடவை நான் திரும்பிக்கொள்ள மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நூறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேத்திக்கு நிறையப் போட்டோ எடுத்து வை, தலையைக் குனிய விடாதே. மறக்காமல் இந்த வாரத்துக்குள் நோட்டீஸைத் திரும்ப வாங்கு, பூபதியின் அம்மாவிடம் நீயே போனில் பேசு, அந்தக் கிழவி இன்னும் யாரும் படித்துக் காட்டாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா மாரப்பன்
(பெருவிரல் ரேகை)