பொகோட்டாவுக்கு மல்லி வறுக்கிறேன்

இஞ்சாரும்,

இலண்டனில் எங்கள் குட்மேய்ஸ் வீட்டுக் குசினியில் புகை அலாரம் இப்போதுதான் கத்தி ஓய்ந்தது. மல்லியும் மிளகும் வறுக்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். நீர் இத்தனை வருடம் வறுத்தபோது அது வாயே திறந்ததில்லை. அதுவும் ஆளைப் பார்த்துத்தான் குரைக்கும் போல. யன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி உமக்கு எழுதுகிறேன். வீடு முழுக்க வறுத்த மல்லி மணம். நீர் போன பிறகு இந்த மணம் இங்கே எழுந்தது இன்றைக்குத்தான்.

இது பத்தியச் சரக்கு. பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கத் தாய்க்காரி அரைத்துக்கொண்டு போகும் தூள். எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. அவளுடைய கலியாணத்துக்காக நாம் இருவரும் போய்வந்தோமே, அதே பொகோட்டாவில்தான்.

அந்தப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கியபோது நான் சொன்ன தீர்ப்பை நீர் கடைசிவரை மறக்கவில்லை. "பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். கொழும்பு மாதிரி வேர்த்துக்கொட்டும்" என்றேன். பெட்டி நிறைய நூல் சேலைகளும் அரைக்கைச் சட்டைகளும். இறங்கிப் பார்த்தால் நுவரெலியாக் குளிர். இலண்டன் அளவு ஊரை யாரோ தூக்கிக்கொண்டுபோய் மலைக்கு மேலே வைத்ததுபோல ஒரு நகரம். காலையில் வெயில், மத்தியானம் மழை, கொஞ்சம் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நீர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உங்கடை பூமத்திய ரேகை நல்லாத்தான் குளிருது" என்றீர். மகள் மொழிபெயர்த்துச் சொல்ல, மருமகன் நமக்கு முன்னால் நின்று சிரிக்கப் பயந்து சிரித்தான்.

அவர்கள் வீட்டு வாசலில் சம்பந்தியம்மா உமது நடுக்கத்தைப் பார்த்தா. தான் போர்த்தியிருந்த றுவானாவை, அதுதான் அந்த ஊர்க் கம்பளிப் போர்வையை, கழற்றி உம்மில் போட்டா. பிறகு "சிகா, சிகா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனா. "உள்ளே வாங்கோ" என்பதற்கு அவர்கள் சொல் அது; அந்த நகரத்தில் எந்த வாசலுக்குப் போனாலும் அதுதான். பூக்கடைக்காரி, மருந்துக்கடைக்காரன், சூப்புக்கடைப் பெடியன், எல்லாரும் "சிகா" என்றார்கள். "எங்கடை சனம் மாதிரியெல்லோ கூப்பிடுகினம்" என்று உமக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சந்தோசம். பதிலுக்கு நீர் சம்பந்தியம்மாவுக்கு "வாங்கோ" சொல்லிக்கொடுத்தீர். அவவுக்கு "வா" வரவே இல்லை. "பாங்கோ, பாங்கோ" என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தீர்கள்.

அங்கே பனேலா என்றொரு கரும்புச் சர்க்கரைக் கட்டி. அதை வெந்நீரில் கரைத்துத்தான் குடிப்பார்கள். நீர் வெறும் தேத்தண்ணி கேட்டீர். கட்டியை உடைத்துக் கன்னக் கொடுப்புக்குள் அடக்கி, பனங்கட்டியோடு குடிப்பதுபோல உறிஞ்சிக் குடித்தீர். சம்பந்தியம்மா ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தா. எனக்குக் கிடைத்ததோ சீஸ் துண்டு மிதக்கும் சூடான சொக்லேட். மேசைக்குக் கீழே உமது கால் என் காலை மிதித்தது. "முகத்தைச் சுழிக்காமல் குடியுங்கோ. சம்பந்தி வீடு." குடித்தேன். இரண்டாம் நாள் நானாகவே கேட்டு வாங்கிக் குடித்ததை நீர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய தெருக்களில் கார்களை மறித்துவிட்டு, சனங்களை நடக்கவும் சைக்கிள் ஓடவும் விடுவார்கள். சேலைக்குக் கீழே சப்பாத்தோடு நீர் நடுத்தெருவில் ராணி மாதிரி நடந்தீர். "இலண்டனிலை இப்பிடி நடக்க ஏலுமே?" அந்த உற்சாகத்தில் வழி தவறிவிட்டோம். என் போனில் சார்ஜ் இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். நீர் நிமிர்ந்து பார்த்தீர்.

"ஏன் பதறுறியள்? மலை கிழக்காலை நிக்குது. அதை வலப்பக்கம் வைச்சுக்கொண்டு நடந்தால் வீடு வரும்."

வந்தது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த மனுசிக்கு இந்த வழி எப்படிப் பிடிபட்டதென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போன மாதம் மகள் வீடியோவில் வந்தாள். "அப்பா, பிள்ளை பிறக்கேக்கை வாறீங்களோ?"

"நான் வந்து என்ன செய்யிறது, பிள்ளை? அது அம்மா செய்யிற வேலையெல்லோ. கடையிலை சரக்குத்தூள் வாங்கி அனுப்பிவிடுறன்" என்றேன்.

உமக்குப் பொய் சொல்லி என்ன? எனக்குப் பயம். அந்த வாசலில் நீர் இல்லாமல் தனியே நிற்கப் பயம். நமக்காகப் பேசியது நீர், சிரித்தது நீர், வழி பிடித்தது நீர். நான் உமக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவன். அந்த நகரம் என்னை ஏன் உள்ளே விடவேண்டும்?

மகளோ சட்டென்று போனை மேசைப் பக்கம் திருப்பினாள். அங்கே சம்பந்தியம்மா, கையில் வெறும் தேத்தண்ணி, ஒரு கொடுப்பு வீங்கியிருந்தது.

"மாமி ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் குடிக்கிறா, அப்பா. அம்மா பழக்கினது."

சம்பந்தியம்மா என்னைக் கண்டுவிட்டா. கோப்பையை வைத்துவிட்டு, முகம் திரையை நிறைக்கிற அளவுக்குக் கிட்ட வந்து, அயல் முழுக்கக் கேட்கும்படி சொன்னா: "பாங்கோ!"

சிரித்தேனா அழுதேனா தெரியாது. நான் யோசிக்கும் முன்னமே வாய் சொல்லிவிட்டது: "ஓம், வாறன்."

ரிக்கற் எடுத்தாயிற்று. சம்பந்தியம்மா உமக்கே தந்துவிட்ட அந்த றுவானாவைப் பெட்டிக்கு மேலே மடித்து வைத்திருக்கிறேன். இந்த முறை நான் அதைப் போர்த்திக்கொண்டுதான் இறங்குவேன். இந்த மல்லியைப் பார்த்தால், "கருக்கிப்போட்டியள்" என்பீர். தெரியும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு தரம் வறுக்கப்போகிறேன், சின்ன நெருப்பில்.

பேரப்பிள்ளை பிறந்து கொஞ்சம் தேறட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு, கார் இல்லாத அந்தப் பெரிய தெருவின் நடுவில் நடப்பேன். வழி தெரியுமோ என்று கேட்காதையும். மலையை வலப்பக்கம் வைத்துக்கொள்வேன்.