நீங்கள் மலையேறி வந்த ஞாயிற்றுக்கிழமை

கம்பவுண்டர் அண்ணே,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு எழுத்து மேலே ஏறி நிற்கிறது, அடுத்தது கீழே இறங்கிப் படுத்துக் கிடக்கிறது. எழுபத்து மூன்று வயதில் முதியோர் வகுப்புக்குப் போனவனின் கை இது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் பக்கத்தில் வைத்த காப்பி ஆறிவிட்டது. ஆனாலும் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! பஸ்சு போர்டை நானே வாசிக்கிறேன். சிலமலைக்குப் போக ராசிங்காபுரம் வண்டியில் ஏறி, பாதியில் இறங்கி நடந்ததெல்லாம் பழைய கதை.

இன்று காலையில் ஒரு கேள்வி உங்களை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. என் இளைய மருமகள் மருந்தாளுநர் படிப்பு முடித்திருக்கிறாள். பதிவு பெற்று வேலை பார்க்க இன்னும் ஒரு தேர்வு எழுத வேண்டுமாம். இங்கிலீசுப் பாடத்தைத் தனக்குப் புரிகிற தமிழில் நோட்டு போட்டு எழுதி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் நான் கேள்வியை வாசிக்க வேண்டும், அவள் அடுப்படியில் இருந்தே விடை சொல்வாள். நான் எழுத்துக் கூட்டி ஒரு கேள்வியை முடிப்பதற்குள் அவள் மூன்று தோசை சுட்டுவிடுகிறாள்.

நேற்று ஆராய்ச்சி பற்றிய பக்கம் வந்தது. புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கும்போது, வந்தவர் படிக்காதவர் என்றால் தாளில் இருப்பதை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கைநாட்டு.

"ஏ தாயி, என் கட்டவெரலுக்குக்கூடச் சட்டம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. ஆனா ஒங்களுக்கு இனிமே அது ஆகாது. நீங்கதான் கையெழுத்துப் போடுறீகளே" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இன்று தொழில் நெறி. கேள்வி இதுதான்: 'நோயாளி மருந்து வாங்கிப் போன பிறகு, மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று உங்களுக்குத் தெரிகிறது. உடனே என்ன செய்வீர்கள்?' கீழே நாலு விடைகள் இருந்தன. நான் அவற்றை வாசிக்கவில்லை. நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "விடை தெரியும் மாமா. நோயாளியத் தேடிப் புடிச்சுச் சொல்லணும், டாக்டர்ட்டயும் சொல்லணும். பரிச்சையில எழுதிருவேன். ஆனா நெசத்துல எவன் சொல்லுவான்? நாஞ் சொல்லுவேனா? சொன்னா வேல போயிரும்ல?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை, அண்ணே. பயந்துதான் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சன்னலுக்கு வெளியே மலையில் மஞ்சு மூடுபனியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எங்கேயோ போய்விட்டேன்.

பல வருடத்துக்கு முந்தின மஞ்சுக்குள் நீங்கள் வருகிறீர்கள். முதலில் கறுப்புக் குடை மட்டும் தெரிகிறது. பிறகு வெள்ளைச் சட்டை. காலில் செருப்பைக் காணோம், கையில் பிடித்திருக்கிறீர்கள். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரிலிருந்து வாசனை வந்து உங்களைச் சுற்றி நிற்கிறது. குரங்கணி வரைக்கும் ஜீப்பு, அதற்கு மேல் எஸ்டேட்டுக்கு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் கடைக்காரர் யாரும் ஏறி வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, போடியில் வியாபாரம் நடக்கிற நாள். நீங்கள் வேலை பார்த்த மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தீர்கள்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடு குடியிருந்த எல்லாருக்கும் போடியிலிருந்து மருந்து வாங்கி வருவது அப்போது என் வேலை. பத்துப் பேர் மருந்தையும் ஒரே துண்டில் முடிந்துகொண்டு வருவேன். எது யாருக்கு என்பதை அட்டையின் நிறத்தை வைத்து மனதில் வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை. வீட்டில் இருந்தது தீர்ந்துவிட்டதால், நான் வந்து சேர்ந்ததும் கஞ்சிகூடக் குடிக்காமல் ஒன்றை விழுங்கினாள்.

ஒரு மணி நேரம் போல ஆனதும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. "நீ ஆரு?" என்று என்னையே கேட்டாள். எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று சொல்லி ஒருத்தி விபூதி கொண்டுவரப் போனாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

உங்களுக்கு மூச்சு வாங்கியது. "மாத்திரையப் போட்டுட்டாளா?" என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்றதும் உங்கள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அவள் கன்னத்தைத் தட்டி, வாயில் வைத்தால் விழுங்குவாளா என்று பார்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தீர்கள். பிறகு லயமே கூடி நிற்க, சத்தமாகச் சொன்னீர்கள்:

"தப்பு என்னுது. கொதிப்பு மாத்திரைக்குப் பதிலா சக்கர வியாதி மாத்திரையக் குடுத்துட்டேன். இவன் மேல ஒண்ணும் இல்ல."

நான் புறப்பட்டுப் போன பிறகு சிலமலைக்காரர் ஒருவர் சர்க்கரை மாத்திரை கேட்டு வந்தாராம். பெட்டியைத் திறந்தபோதுதான், எனக்கும் அதே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது உங்களுக்கு உறைத்ததாம்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் தெளிந்தது. கும்பிட்டு உங்களை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் விடவில்லை. "தெளிஞ்ச மாதிரி இருக்கும்ப்பா, ஒடம்புல சக்கர மறுபடியும் எறங்கும். ஆசுபத்திரியில வச்சுப் பாக்கணும். வெரசாக் கெளம்பு" என்றீர்கள். குரங்கணி வரை நானும் நீங்களும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அங்கே ஜீப்பு பிடித்தோம். ஜீப்பில் அவள் தலை உங்கள் குடையில் சாய்ந்திருந்தது. வளைவுக்கு வளைவு மஞ்சு உள்ளே வந்து போனது.

அப்போது நான் உங்கள் காதில் சொன்னேன்: "அண்ணே, ஆசுபத்திரியில நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்லிருறேன். எழுத்துத் தெரியாத பய. என்னய ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. ஒங்க வேல தப்பிச்சுரும்."

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னீர்கள்:

"ஆமா, தப்பிச்சுரும். அந்த ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்துல அப்படியே இருக்கும். அடுத்து வேற ஒருத்தன் பொண்டாட்டி இப்படிக் கெடப்பா. ஒனக்கு எழுத்துத் தெரியலங்கறது நாம் போத்திக்கிற போர்வை இல்லப்பா."

அன்று எனக்கு வருத்தம்தான், அண்ணே. என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான், அதையும் வேண்டாம் என்கிறாரே என்று நினைத்தேன். இன்று அந்தப் பேச்சை எழுத்தாக்கி என் கண்ணாலேயே வாசிக்கும்போது, செய்யாத தப்பு என் தலையில் விழாமல் நீங்கள் என்னைக் காப்பாற்றியதும் தெரிகிறது.

டாக்டர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள், மருந்தின் பெயர், கொடுத்த நேரம், கொடுத்த கை எல்லாவற்றையும். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, ஆசுபத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டாள்.

"அப்புறம் அவரு வேல?" மருமகள் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அதுவரை எல்லாவற்றையும் வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

"போச்சு தாயி" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாளி உங்களை வெளியே அனுப்பிவிட்டார். லயத்துக்காரர்களும் கொஞ்ச நாள், மாத்திரையை மாற்றிக் கொடுக்கிற கம்பவுண்டர் என்று உங்களைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வருடம் போல நீங்கள் அலைந்து, பிறகு பஸ்சு நிற்கிற இடத்துக்கு எதிரே பெட்டி மாதிரி ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தீர்கள். அங்கே ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, பெயரை உரக்க வாசித்து, வாங்குகிறவரைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே கொடுத்தீர்கள்.

மருமகள் முகம் வாடிவிட்டது. அப்போது மூலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள்.

"அந்தக் கடைக்கு மொதல்ல போன ஆளு ஆரு? நானு. மலையில இருந்து எறங்கி நானாப் போனேன். இவுக போகாதன்னாக."

"ஏன் அத்த? ஒங்களத்தான சாகக் கெடத்துனாரு?"

"அடி போடி. தப்புன்னா வீடு தேடி வந்து சொல்ற ஆளு அவரு. அவரு வரலன்னா மருந்து சரின்னுதான அர்த்தம்? மத்த கடையில வாங்கிட்டு வந்து நெதமும் ஆரு பயப்படுறது?"

தோசை கருகுகிற வாசம் வந்தது. மருமகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நோட்டை என் மடியிலிருந்து எடுத்து, அந்தக் கேள்விக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டினாள். "அத்த சொன்னத இதுல எழுதுங்க மாமா. பரிச்சைக்கு இல்ல. எனக்கு."

எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி கீரையை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"நானா சொன்னேன்? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நீங்கள் கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது, அண்ணே. இப்போதும் எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பெயரை எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் "வெரசா, பெருசு" என்கிறார்கள். "இரு அப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறேன்.

இத்தனை எழுதியும் உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா? உங்களை அண்ணே என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். எழுதத் தெரியும். ஆனால் இன்றைக்குக் கை சோர்ந்துவிட்டது, உங்கள் பெயரைக் கோணலாக எழுத மனமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், கை நடுங்காத நேரமாகப் பார்த்து உட்காருவேன். அந்தக் கடிதத்தின் முதல் வரியில் உங்கள் பெயர் நேராக நிற்கும்.