சேவியர் திருப்பிய டியூப்

1986, ஆடி கடைசி வெள்ளி. வில்லியனூர்.

செல்வத்தின் வீடியோ கேம் கடையில் புது ஏரோப்ளேன் ஆட்டத்தின் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தெரிந்தது. பிக்சர் டியூபை நெட்டுக்குத்தாகத் திருப்பவேண்டும். உள்ளூர் டிவி ரிப்பேர்காரன் நான் இருக்க, பாகூர் சேவியரைக் கூப்பிட்டிருக்கிறான்.

சேவியர் பிளக்கைப் பிடுங்கினான். இரும்புச் சட்டத்தோடு ஒயர் கட்டிய திருப்புளியை டியூபின் ரப்பர் மூடிக்குள் விட்டான். டப்பென்று மிச்சக் கரண்ட் இறங்கியது.

"இன்னாபா, டிவிக்கு ஊசி போடுறியா?" என்றேன். ஆட வந்த பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் டியூபைத் திருப்பி மாட்டினான்.

சுவிட்சைப் போட்டதும் திரையின் மூலையில் ஊதாக் கறை. எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. கறை எடுக்கும் காந்தச் சுருளைத் திரைக்கு முன்னால் சுற்றிக் காட்டி அதையும் போக்கிவிட்டான்.

"இனிமே நீயே வாபா" என்றான் செல்வம் அவனிடம். என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீ சும்மா பேச வா. கடை கலகலன்னு இருக்கும்."

அதற்கும் சிரித்துத் தொலைத்தேன்.