கொடுமுடித் துறையில் பரிசல் கேட்டவர்

12.6.94, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காற்று. துணி ஒன்றும் காயவில்லை. நாளை மறுநாள் கல்லூரி திறப்பு. முதலாண்டு வரலாற்றுப் பாடக் குறிப்பை இன்னும் தொடவில்லை.

மதியம் வழக்கமான கூட்டம். முன்னறையில் மூன்று பேர், ஒரு வரைபடம், பத்து முகப் பகடைகள். என் வீட்டுக்காரர், அவருடைய பள்ளித் தோழர் அப்பாஸ் பாய் (தராசுக் கடை), மாடியில் குடியிருக்கும் டாக்டர் வத்சலா, மெட்ராஸ் பெண். விளையாட்டுப் பெட்டி, பாயின் தங்கை மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உலகப் போரில் குண்டு விழுந்து அரசாங்கங்கள் எல்லாம் போனபின், தனித்து விடப்பட்ட ஒரு சிறு படை எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் ஆட்டம். காய் கிடையாது, பலகை கிடையாது. ஒருவர் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். வாழ்நாளெல்லாம் நிஜப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. கேட்டதும் இல்லை.

இன்று டாக்டருக்கு அலுப்பு. ‘அங்கிள், எப்பப் பாத்தாலும் டாங்கிச் சண்டை. யாராவது யாரையாவது ஏமாத்தணும், அப்பதான் நல்லாருக்கும்.’ சூழலைச் சொல்வது இதுவரை அவர்தான். அவருக்குச் சூழ்ச்சி வராது. பாய் சமையலறைப் பக்கம் கை காட்டினார். அரண்மனைச் சதியெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற ஆள் ஊட்டுலயே இருக்கையில நமக்கென்ன கவலை என்றார்.

அவர் வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. ஓய்வு பெற்று வந்து எட்டு மாதம், இன்னும் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூட ‘எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்கிறார்.

‘அம்மணி, எங்களுக்கு ஒரு ஊரு செஞ்சு குடுப்பியா?’

பார்க்கிறேன் என்றேன்.

மாலை அவருக்குத் தொலைபேசி. பழைய மேலதிகாரி. முழுக்க ஹிந்தி. சாப்பிடும்போது சொன்னார்: குஜராத்தில் ஒரு ஆலை, பாதுகாப்பு அதிகாரி வேலை, தங்க இடமும் உண்டு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘போலாமான்னு பாக்கறேன்.’

‘உங்க இஷ்டமுங்க’ என்றேன். ரசம் போதுமா என்று கேட்டேன்.

14.6.94, செவ்வாய்

கல்லூரி திறப்பு. புது முகங்கள், பழைய மின்விசிறி. காஸ் பதிவு செய்தாயிற்று.

பேருந்தில் முன் இருக்கைப் பெண் பக்கத்துப் பெண்ணிடம்: ‘அவுங்க வரச் சொன்னாங்கதான். சொன்ன விதம் வராதீங்கன்னு இருந்துச்சு.’

கடைசி வகுப்பு இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து ஊர் செய்தேன். வேடிக்கையாகத்தான் தொடங்கினேன், மணியடித்தது தெரியவில்லை.

போர் முடிந்து ஆறாம் வருடம். டீசல் இல்லை. ஆகவே:
– உடுமலை. தேங்காய் எண்ணெய். வண்டி ஓட வேறு வழியில்லை. எண்ணெய் மண்டிக்காரர் வைத்ததே சட்டம்.
– பவானி. தறிகள். ஜமக்காளம்தான் கூடாரம், மூட்டை, போர்வை எல்லாம். கூடுதுறையில் எந்தப் படகு நின்றாலும் நெசவுக்காரர்களுக்குத் தெரியும்.
– கொடுமுடி. பரிசல்துறை. பாலங்கள் போய்விட்டன. காவிரியைத் தாண்டி வடக்கே போக வேண்டுமானால் அங்கே இருக்கும் துறைக்காரியைக் கேட்க வேண்டும்.

ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள். ஒருவர் இல்லாமல் ஒருவரால் முடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் படையால் இங்கே எதையும் பிடிக்க முடியாது. மண்டியைப் பிடித்தால் தறி நிற்கும், தறியைப் பிடித்தால் பரிசல் வராது. பாடப் புத்தகத்தில் இதைப் பத்துப் பக்கம் நடத்துவேன்.

ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று வரி என்று வைத்துக்கொண்டேன். என்ன வேண்டும் என்று சொல்கிறார். உண்மையில் என்ன வேண்டும். யாரை இழக்க மாட்டார். மண்டிக்காரருக்கு எழுதியாயிற்று. நெசவுக்காரர் தலைவருக்கும். துறைக்காரிக்கு முதல் வரி மட்டும்: இரண்டு பீப்பாய் எண்ணெய்.

16.6.94, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் காலையில் வரவில்லை. அவர் எழுந்து குடங்களை வரிசையாக வைத்திருந்தார், உயரப்படி. ஆறு மணிக்கே காலணிக்குப் பாலிஷ். எங்கும் போகப் போவதில்லை.

அவருடைய துணி இன்னமும் டிரங்குப் பெட்டியில். முன்னறை மூலையில், கட்டிலுக்கடியில், மடித்தது மடித்தபடி. அவர் வருவதற்கு முந்தின வாரமே பீரோவில் மேல் இரண்டு தட்டுகளைக் காலி செய்து, புதுக் காகிதம் விரித்து, கற்பூர உருண்டை போட்டு வைத்தேன். சொல்லவில்லை. தானாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அடுத்தவர் பீரோவைத் திறக்கிற ஆளில்லை அவர். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது சொல்லலாம்தான். குஜராத் பேச்சு வந்தபின் பீரோவைப் பற்றிச் சொன்னால் கையைப் பிடித்து இழுப்பதுபோல் ஆகும். அவருக்கு இங்கே பொழுது போகவில்லை என்பது தெரிகிறது. போக விருப்பமாகத்தான் இருக்கும். என் வசதிக்கு ஒரு மனிதரை உட்கார வைப்பதா?

மண்டிக்காரருக்கு ஒரு கணக்குப்பிள்ளை சேர்த்தேன். இரண்டு பக்கமும் பேசுவான்.

19.6.94, ஞாயிறு

முதல் ஆட்டம், என் ஊரில். சூழல் சொல்வது நான். அவர் இப்போது கேப்டன். டாக்டர் படையின் மருத்துவர், பாய் வண்டி ஓட்டுபவர்.

‘வண்டி தேங்காண்ணெயில ஓடுமா ஆன்ட்டி?’

‘ஓடுமுங்க’ என்றார் பாய். ‘என்ன, பின்னால வாரவனுக்குப் பணியார வாசம் அடிக்கும்.’

படை உடுமலை போனது. மண்டிக்காரர் உட்கார வைத்தார், ஊர் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார். புறப்படும்போது ஆளுக்கொரு சீவாத இளநீர் கொடுத்தார். ‘மழைக்கு முந்தி ஊர் போய்ச் சேந்துட்டா நல்லதுங்க, ரோடு செரியில்ல பாருங்க’ என்று வழியனுப்பினார். டாக்டர் அங்கேயே கூடாரம் போடலாம் என்றாள். அவரும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அவள் முறை. ஆட்டத்தில் பொழுது சாய்வதற்குள் யாரோ வண்டியின் பின்பக்கத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

டாக்டருக்குக் கோபம். ‘அவர் எப்ப மிரட்டினார்? அவ்வளவு நல்லாப் பேசினாரே.’

பாய் பொறுமையாக விளக்கினார். வந்தவர்களுக்கு இளநீரைச் சீவித்தான் கொடுப்பார்கள். சீவாமல் கையில் கொடுத்தால் எடுத்துக்கொண்டு கிளம்பு என்று பொருள். ‘இங்க யாரும் நேராச் சொல்ல மாட்டாங்க டாக்டரம்மா. வேணும்னும் சொல்ல மாட்டாங்க, வேண்டாம்னும் சொல்ல மாட்டாங்க.’

‘அப்ப எப்படி ஆன்ட்டி குடும்பம் நடத்தறீங்க?’

அவர் பகடைகளை நிறவாரியாக அடுக்கினார். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆட்டம் நன்றாக இருந்தது என்று சாப்பிடும்போது சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

22.6.94, புதன்

தேர்வுத்தாள் பிழை குறித்து முதல்வர் அறையில் ஒரு மணி நேரம். பல்வலி.

துறைக்காரிக்கு இரண்டாவது வரி வரவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்துவிட்டது, கணக்குப்பிள்ளைக்கும்கூட (அவனுக்கு வேண்டியது மண்டிக்காரர் மகள்). இவளுக்கு என்ன வேண்டும்? தினமும் ஆட்களை அக்கரைக்கு அனுப்புகிறாள். ஒருவரையும் தடுப்பதில்லை. அதனால் அவளுக்கு யார் போனாலும் ஒன்றுதான் என்று ஊர் நினைக்கிறது.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

எத்தனை வருடம் ஜங்ஷனில் நின்றிருக்கிறேன். விடுமுறை முடியும், ஹோல்டால் படுக்கை ஏறும், வண்டி நகரும். ஒருமுறைகூட ‘போகாதீங்க’ என்றதில்லை. ‘எங்கே’ என்று கேட்டதில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. கிளம்புகிறவரைத் தடுக்கக் கூடாது. சகுனம், ராகுகாலம் எல்லாம் மூடத்தனம் என்று வகுப்பில் பேசுகிறவள்தான் நான். ஜாதகம்கூடப் பார்க்காமல் நடந்த கல்யாணம். ஆனால் பட்டாளத்துக்குப் போகிறவர் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கப் பயம். எல்லையில் பதற்றமாக இருந்த வருடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கைக்குட்டையில் ரத்தம்.

அவர் ஜன்னலிலிருந்து பார்த்தது என்ன? அழாத, கூப்பிடாத, கையை மட்டும் அசைக்கிற ஒரு பெண்.

மழை விட்டுவிட்டது. காற்று மட்டும்.

24.6.94, வெள்ளி

வெயில். வீட்டுக்கு வரும்போது பரணிலிருந்து ஹோல்டாலை இறக்கிக் காய வைத்திருந்தார், மதில் மேல். வார்ப்பட்டைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

‘பூஞ்சை புடிச்சிருந்துச்சு’ என்றார்.

‘ஆமாங்க, இந்தக் காத்துக்கு’ என்றேன்.

புதன்கிழமை இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மேலதிகாரி மறுபடி பேசினாராம். அவர் என்ன முடிவு செய்தார் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல பழக்கமுள்ள மனிதர்கள்.

ராத்திரி பணியார மாவு ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு, வண்டி வாசத்துக்காக. பாய் சிரிப்பார்.

26.6.94, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

படை கொடுமுடிக்கு வந்து சேர்ந்தது. காவிரியில் புதுத் தண்ணீர். வடக்கே இன்னொரு படை இருக்கிறது, அதோடு போய்ச் சேர வேண்டும். துறைக்காரி பேச வேண்டிய இடம். என் தாளில் ‘இரண்டு பீப்பாய் எண்ணெய்’ என்று மட்டும் இருந்தது. அவள் குரல் என்று தனியாக ஒன்றை வரவழைக்க எனக்குத் தெரியாது. என் குரலிலேயே பேசினேன்.

கேப்டன்தான் கேட்டார். ‘ஏனுங்க, பரிசல் வேணுமுங்க. அக்கட்டப் போகோணும்.’

அவர் என்னை ‘ங்க’ போட்டுப் பேசி இன்றுதான் கேட்கிறேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

‘தண்ணி சாஸ்தியா வருதுங்க. ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போலாங்களே.’

டாக்டர் உஷாரானாள். ‘இது மிரட்டல்தானே?’

‘இல்லீங்க டாக்டரம்மா’ என்றார் பாய். ‘கம்முனு இருங்க.’

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அக்கட்ட ஒரு வேல இருக்குதுங்க. இங்க இருந்தா தொறைக்காரங்களுக்குத்தான் எடஞ்சல்.’

‘எடஞ்சல்னு யாருங்க சொன்னது?’

‘யாரும் சொல்லலீங்க.’ வரைபடத்தின் மடிப்பை நீவிக்கொண்டே, ‘இருங்கன்னும் யாரும் சொன்னதில்ல. ஒருக்காலும்.’

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெருவில் பழவண்டிக்காரர் போனார்.

‘கெளம்பறவங்களத் தடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டனுங்க. ஒவ்வொருக்கா நீங்க போறப்பவும் அப்படித்தான். படை போகட்டும். நீங்க போக வேண்டாங்க. இருங்க.’

இவ்வளவும் நான்தான் சொன்னேன். கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘ஒரு நிமிஷம். கேப்டனுக்கும் இந்தம்மாவுக்கும் முன்னாடியே பழக்கமா? அது கதையில எங்க வந்துச்சு?’

‘அது நீங்க வாரதுக்கு முந்தி ஆடுன ஆட்டமுங்க’ என்றார் பாய்.

விதிப்படி இங்கே கேப்டன் பகடை உருட்ட வேண்டும். மனம் மாறுகிறதா இல்லையா என்று. அவர் பகடையைக் கையில் எடுத்தார், உருட்டாமல் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

‘கேப்டன் இக்கட்டயே நின்னுக்கறான்’ என்றார். ‘நீங்க ரெண்டு பேரும் போங்க.’

‘அப்ப படைக்கு யாரு பொறுப்பு?’ டாக்டர்.

‘நான் பாத்துக்கறேன். மொதல்ல அந்தப் பணியாரத்த எடுங்க’ என்றார் பாய். தட்டை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததாக நாங்கள் யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் போனார்கள். அவர் வரைபடத்தை மடித்தார். நான் பாத்திரம் கழுவினேன். கழுவினதை அவர் வாங்கித் துடைத்தார், சமையலறைக்குள் வந்து. கேட்காமல்.

27.6.94, திங்கள்

வெயிலும் தூறலும். பால்காரர் தாமதம். முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஒரு செருப்பைக் காணவில்லை.

குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் முன்னறையில் தொலைபேசியில் அவர் குரல். ஹிந்தி. எனக்குத் தெரிந்த ஒரே சொல் இரண்டு மூன்று முறை வந்தது: நஹி. வைத்துவிட்டு, எனக்குச் சொல்வதுபோலும் இல்லாமல், ‘வரலைன்னு சொல்லிப்போட்டேன்’ என்றார்.

‘நான் புடிவாதமாத்தான் இருங்கன்னு சொல்லலைன்னு நெனச்சீங்களா?’ என்று கேட்டேன். என்ன கேள்வி அது. வேறு ஒன்றும் வரவில்லை வாயில்.

‘இல்ல’ என்றார். ‘உனக்குத் தனியா இருந்து பழகிப்போச்சுன்னு நெனச்சேன்.’

‘பழகுச்சுதான்.’

‘ம்.’

‘புடிச்சுதுன்னு யாருங்க சொன்னா?’

செருப்பு டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுக்க அவர் பெட்டியை வெளியே இழுத்தார். தகரம் தரையில் உரசும் சத்தம். மறுபடி உள்ளே தள்ளவில்லை. திறந்தார். மேலாக இருந்த சட்டைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படுக்கையறை வாசல்வரை வந்து, நிலைப்படியில் நின்றார்.

‘அம்மணி, எங்க வெக்கட்டும்?’

மேல் ரெண்டு தட்டுமுங்க என்றேன். பேருந்து போய்விட்டது.