கேட்டுக்கு இழுத்துவந்த மண்டோர்

இன்று காலை பாரோய் பாசாரில் ஒரு பெண் கருவாட்டுக் கூடையைத் திறந்தாள். அவ்வளவுதான், காக்கிச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக நீ வந்து நின்றுவிட்டாய். கீரை வாங்கப் போனவன் நடுவழியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னாய்யா, உக்காருறீங்களா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். பழைய கூட்டாளி ஒருவன் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். நீ செத்துப்போய்விட்டதை அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மனநோய் உள்ளவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் துணையாக இருக்க நாய்களைப் பழக்குகிறார்களாம். அதற்கென்று பள்ளிக்கூடம், நாயின் முதுகில் சட்டை, எல்லாம் உண்டு. நம் நாய்க்குச் சட்டையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், வாத்தியார் நீ.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப்போன கூட்டத்தில் உயிரோடு திரும்பியவன் நான். உடம்புதான் திரும்பியது, புத்தி பாதி வழியில் இறங்கிவிட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் எனக்குக் கண் திறந்திருக்கும், ஒன்றும் தெரியாது. கால் மட்டும் அதன்பாட்டுக்கு நடக்கும். வேறு காலமாக இருந்தால் யாராவது கையைப் பிடித்து எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அப்போதோ லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி. காலையில் கேட்டைத் திறந்து பால்வெட்ட அனுப்புவார்கள். சாயங்காலம் சங்கு ஊதுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். அதற்குமேல் வெளியே அசைவது யாராக இருந்தாலும் சுடலாம். அந்தக் கேட்டில் துப்பாக்கியோடு காவல் நின்றவன் நீ. கூட விளையாடி வளர்ந்தவனை நீயே சுட நேரலாம் என்பது நம் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசியதில்லை.

ஒரு நாள் காவல் கொட்டகைப் பக்கம் சுற்றித் திரிந்த செவலை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தாய். "இனிமே இவன்தான் உனக்கு மண்டோர். இழுத்தா போவணும், மறுபேச்சு கூடாது லா" என்றாய். எங்களை வேலை வாங்கும் நிஜ மண்டோருக்கு மூக்குக்குமேல் கோபம். "நாய்க்கு வேற பேரே கெடைக்கலையாடா?" என்று சண்டைக்கு வந்தார். "எல்லாம் உங்க மேல உள்ள மரியாததான் அண்ணே" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பழக்குவதற்கு நான் என் நோயை நடித்துக் காட்ட வேண்டுமாம். "எப்படி நடப்பேன்னு எனக்கு என்னாடா தெரியும்?" என்றேன். நீயே நடந்து காட்டினாய். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கை தொங்கி, வாய் பிளந்து. லயமே கூடிச் சிரித்தது. எனக்கு எரிச்சல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. என் நோயை நான் வெளியே நின்று பார்த்தது அன்றுதான். பார்த்த பிறகு அதனிடம் இருந்த பயம் பாதி போய்விட்டது. நான் அப்படி நடந்தால் மண்டோர் என் கால்சட்டையைக் கவ்வி இழுக்க வேண்டும். இழுத்தால் நீ ஒரு துண்டு கருவாடு போடுவாய். கெட்டிக்கார நாய், சீக்கிரமே தேறிவிட்டது.

ஆனால் வேலிக்குள் மட்டும்தான் தேறியிருந்தது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, தின்னும் பொருள் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் மடியைத் தடவிப் பார்த்து அனுப்புவதே உன் வேலை. பால்மரங்களுக்கு நடுவே நான் அப்படி நடந்து காட்டியபோது, என் வெறுங்கையைப் பார்த்த மண்டோர் அணிலைத் துரத்திக்கொண்டு போய்விட்டது. கருவாடு இல்லாத இடத்தில் எனக்குப் புத்தி பிசகினால் அதற்கென்ன?

"ஒரு துண்டு மறச்சு எடுத்துட்டுப் போவட்டா?"

"எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் ஒரே லாக்கப்ல பசியாறலாம்" என்றாய். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாய். "நாமதான்டா தப்பாப் பழக்கிட்டோம். கருவாடு வெளிய போவ முடியாது. அது இங்கயே இருக்கட்டும். நாய் உன்ன இழுத்துட்டு வந்து வாங்கிக்கட்டும்."

அன்றிலிருந்து கருவாடு கேட்டில் மட்டும்தான், அதுவும் மண்டோர் என்னோடு வந்தால்தான். தனியாக வந்து வாலாட்டினால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இரண்டு பேரில் யார் பிடிவாதம் ஜெயிக்கும் என்று லயத்தில் பந்தயமே நடந்தது.

பிறகு அந்த மழைக்கால சாயங்காலம். பால் ஏற்றிப்போன லோரியின் டயர் வெடித்தது. மிச்சத்தை நீ சொல்லித்தான் அறிவேன். சங்கு ஊதியும் நான் வரவில்லை. உன் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த சார்ஜன். தூரத்தில், மரங்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. சுடு என்று மலாயில் கத்தினான். நம்ம தோட்டத்து ஆளாக இருக்கும் என்று நீ கெஞ்சியதை அவன் காதில் வாங்கவில்லை. தன் துப்பாக்கியையே தூக்கிவிட்டானாம். அப்போது மறைவிலிருந்து முதலில் வெளியே வந்தது மண்டோரின் பின்பக்கம். பின்னுக்குப் பின்னாகவே நடந்து, உறுமிக்கொண்டே, என் கால்சட்டையை இழுத்து வந்தது. நாய் இழுத்து வரும் பயங்கரவாதியை அந்தச் சார்ஜன் அதுவரை பார்த்ததில்லை போலும். துப்பாக்கி இறங்கியது.

எனக்கு நினைவு வந்தபோது நீ குனிந்து மண்டோருக்குக் கருவாடு கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு துண்டல்ல, இருந்த அத்தனையும் போட்டாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். "புதுக் கால்சட்டைடா" என்று சண்டைதான் போட்டேன். நீயும் பதிலுக்குத் திட்டினாய். அதுதான் நம் பாஷை.

வேலியைப் பிரித்து, மண்டோரும் கிழடாகிச் செத்து, வெகுநாள் கழித்து லுக்குட் கோப்பிக் கடையில் உன்னிடம் கேட்டேன்.

"அந்தச் சார்ஜன் இல்லாம நீ மட்டும் நின்னிருந்தா, என்னைச் சுட்டிருப்பியாடா?"

"போடா. நான் எங்க சுடப்போறேன்?"

"பின்ன எதுக்கு அவ்வளவு பாடுபட்டு நாயப் பழக்கின?"

கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றியபடி சொன்னாய்: "கேட்டுல எப்பவும் நானே நிப்பேனா?"

இப்போது நீ எந்தக் கேட்டிலும் இல்லை. இந்த வயதிலும் பட்டாசுச் சத்தம் கேட்டால் எனக்குக் கண் இருட்டுகிறது, கால் நடக்கத் தொடங்கிவிடுகிறது. தெளிந்து பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். நீ நாயை மட்டும் பழக்கவில்லையடா.