கதவு தட்டாத மாடி

அக்கா,

மனித உரிமைக்காரர்களின் மாநாட்டுக்கு அறை ஒதுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எண்பத்து நான்கு பேர். விண்ணப்பத்தில் 'வேறு தேவைகள்' என்று ஒரு கட்டம் வைத்தேன். சைவம், அசைவம் என்று எழுதுவார்கள் என நினைத்தேன். பதினொரு பேர், கதவைத் தட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு பேருக்கு விளக்கு அணையவே கூடாது.

விடுதி மேலாளர் சிரித்தார். "தட்டாம டீ எப்படி தம்பி குடுக்கறது? ஜன்னல் வழியா ஏறியா?"

"போன் பண்ணிட்டுப் போங்க."

"என்ன, பெரிய இடத்துப் புள்ளைங்களா?"

"உள்ள இருந்துட்டு வந்தவங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்து அந்த அறை எண்களைக் குறித்துக்கொண்டார்.

நீ சிறையிலிருந்து வந்த மாதம், கரண்ட் வீணாகிறது என்று உன் அறை விளக்கைத் தினமும் அணைத்தவன் நான். கதவை இடித்து எழுப்பியவனும் நான்தான். நீ ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனாய். நானும் கேட்கவில்லை. இப்போது வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

உன் விண்ணப்பமும் வந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். நானே நிரப்பிவிட்டேன். இரண்டாம் மாடி, கடைசி அறை. யாரும் தட்ட மாட்டார்கள், நான் உட்பட. கீழே வரவேற்பில் இருப்பேன். நீ போன் பண்ணினால் மேலே வருகிறேன்.

உன் தம்பி